காயாத சேறு

ஸ்காபரோ
27 ஏப்பிரல் 2025

ரஸீன் அவர்களுக்கு,

தம்பி எண்டு தொடங்குவமோ எண்டு பேர்ணடெற் கேட்டவ. வேண்டாம், வெறும் பேரை எழுது எண்டு சொல்லிப்போட்டன். உம்மட புது வேலிக்கட்டை நாலு விரல் என்ர பக்கம் வந்த நாள் தொடக்கம் நீர் எனக்குத் தம்பி இல்லை.

போனில கதைச்சால் என்ன எண்டு நினைப்பீர். போனில சொன்னதைப் பிறகு சொல்லேல்லை எண்டலாம். எழுத்தில கிடந்தால் மறுக்கேலாது. எனக்கு எழுத்துத் தெரியாது எண்டது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என்ர மனிசி பேர்ணடெற் எழுதுறா. முடிய, திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டுத்தான் ஒட்டுவன். ஒரு சொல் மாறினாலும் எனக்குப் பிடிபடும். அதால இதில உள்ளது முழுக்க என்ர சொல்.

விசயம் இதுதான். பாஸ்குப் பெருநாள் முடிஞ்ச அடுத்த நாள் பேஸ்மென்றால ஏறிப் பின்வாசலுக்கு வந்தன். வாசல் கூரைக்குக் கீழ, தூணுக்கு மேல, ஒரு புதுப் பலகை. முதல் அது அங்க இருக்கேல்லை. சீடர் பலகை, ரஸீன். உம்மட வேலி எந்த மரமோ அதே மரம், அதே சிவப்பு. பைப்புக்குப் பக்கத்தில, றோல்ஸ் ஓடர் பண்ணினால் வாற அலுமினியத் தட்டு. அதுக்குள்ள குழைச்ச சேறு. பக்கத்தில ஒரு பிடி பாசி, ஆரோ ஓடைக்கரையில சுரண்டிக் கொண்டுவந்து வைச்சமாதிரி.

இதுகளுக்கு மேல ஒரு குருவி. சாம்பல் நிறம், தலை கொஞ்சம் கறுப்பு. உடுப்புக் காயப்போடுற கம்பியில குந்தி வாலைக் கீழ கீழ ஆட்டுது. ஈ ஒண்டு பறந்தால் பாஞ்சு பிடிச்சுக்கொண்டு திரும்ப அதே இடத்தில வந்து குந்துது. இடையில தட்டுக்குப் போய்ச் சேத்தைக் கொத்திக்கொண்டு பலகைக்குப் போகுது. இப்ப அரைச் சிரட்டை அளவு கட்டிப்போட்டுது.

இந்த வீட்டை வினோதன் விக்கப்போறான் எண்டு உமக்குத் தெரியும். என்ர மகனுக்கு வாய் பூட்டில்லை, ட்றைவ்வேயில நிண்டு உமக்குச் சொன்னதை நான் கண்டனான். வாசல் கூரை உக்கிப்போச்சு, அதை மாத்தாமல் சந்தையில போடேலாது எண்டு ஏஜென்ற் சொன்னதும் உமக்குத் தெரியும். கூரைக்காரர் மே மாதம் வரப்போகினம். வந்து பாக்கிற நேரம் அங்க ஒரு கூடு இருந்தால் வேலை நிக்கும். வேலை நிண்டால் விக்கிறது நிக்கும். உமக்கு வேண்டியது அதுதானே?

வினோதன் புதிசாய் வாங்கப்போற ஸ்ரௌவ்வில் வீட்டில எனக்குக் கீழ்த்தட்டில ஒரு அறை தாறதெண்டு சொல்லியிருக்கிறான். யன்னல் உள்ள அறை. இஞ்ச பேஸ்மென்றில எனக்குள்ள யன்னலுக்கால தெரியிறது பனியும் ஆக்களின்ர சப்பாத்தும். படி ஏற முழங்கால் விடுகுதில்லை. அந்த அறையைத்தான் நீர் மறிக்கிறீர்.

உம்மட வீடு பங்குனியில இருந்து பூட்டிக் கிடக்கு. மகள் ஷம்லாவின்ர விலாசம் பேர்ணடெற்றிட்ட இருந்தது, காலஞ்சென்ற உம்மட மனிசி ஸகியா எழுதிக் குடுத்ததாம். வீட்டைப் பூட்டிப்போட்டுப் போய் இருந்துகொண்டு, நான் அங்க இல்லையே எண்டு சொல்லுற யோசனை எண்டால், உது பழைய விளையாட்டு.

எழுத்தில பதில் வேணும்.

மரியரட்ணம்


மிசிசாகா
5 மே 2025

அன்புள்ள மரியரட்ணம் அண்ணை,

நீங்கள் தம்பி எண்டு எழுதாட்டிலும் நான் அண்ணை எண்டுதான் எழுதுவன். கையெழுத்து பேர்ணடெற் அக்காவின்ர, வசவு உங்கட. ரெண்டையும் கண்டவுடன அடையாளம் பிடிச்சிட்டன்.

நான் இஞ்ச விளையாட வரேல்லை. பங்குனிக் கடைசியில முழங்கால் ஒப்பறேசன். உங்களுக்கு விடுகுதில்லை எண்டு சொல்லுற அதே முழங்கால்தான். கட்டிலில இருந்து பாத்றூமுக்குப் போறதுக்கே ஷம்லா தோளைத் தரவேணும். இந்த நிலையில நான் ஸ்காபரோ வந்து, வேலி தாண்டி, உங்கட தூணில ஏறிப் பலகை வைச்சன் எண்டால், ஒப்பறேசன் செய்த டொக்டருக்கு மாலை போடவேணும்.

சீடர் பலகை என்ர வேலியில மிஞ்சினதாய் இருக்கும். வேலிக்கரையில சாத்தி வைச்சிருந்தனான். ஆரும் எடுக்கலாம்.

உண்மையைச் சொன்னால் உங்கட கடிதத்தை வாசிச்சு எனக்கு வந்தது கோவம் இல்லை, எரிச்சல். அந்தக் குருவி வேணுமெண்டு மூண்டு வசந்தமாய்ப் பாடுபட்டவன் நான். இங்கிலீசில அதுக்கு ஃபீபி எண்டு பேர், தன்ர பேரைத் தானே சொல்லிக் கூப்பிடும். தண்ணிக்குக் கிட்டத்தான் கூடு கட்டும். அதுக்குத்தான் ஓடை ஓடுதே எண்டு நான் கராஜ் சுவரில பலகைத்தட்டு அடிச்சன், மழை நனையாத இடமாய்ப் பாத்து அடிச்சன். சேறு குழைச்சு வைச்சன். பாசி வைச்சன். பூச்சி மருந்து அடிக்கிறதை நிப்பாட்டினன். வந்து கம்பியில குந்தி ரெண்டு தரம் வாலை ஆட்டிப்போட்டுப் போயிடும். பிழை எங்க எண்டு பிறகுதான் பிடிச்சன். வேலைக்குப் போய் வர என்ர சேறு காஞ்சுபோகும். காஞ்ச சேறு அதுக்கு உதவாது. ஒரு நாளில ரெண்டு மூண்டு தரம் நனைச்சு விட ஒரு பொறுமைசாலி வீட்டில இருக்கவேணும். இதில ஒளிக்க ஒண்டும் இல்லை, வேலிக்கரையில நிண்டு கேக்கிற எல்லாருக்கும் சொல்லுறனான்.

கூட்டுக்குள்ள முட்டை வந்திட்டுதெண்டால் கை வைக்கேலாது, அது அரசாங்கச் சட்டம். அதையும் நான் போட்ட சட்டம் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

கடைசியாய் ஒண்டு. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இயக்கம் எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்து வெளிய போகச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கட ஞாபகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அப்பிடி வீட்டை விட்டு வந்தவன், இன்னொருத்தர் விரும்பிப் போற வீட்டு வாசலில நிண்டு மறிப்பனோ?

அக்காவுக்கு என்ர விசாரிப்பு.

ரஸீன்


ஸ்காபரோ
11 மே 2025

ரஸீன்,

உம்மட கடிதத்தை மூண்டு தரம் வாசிப்பிச்சன். தொண்ணூறாம் ஆண்டுக் கதை வாற இடத்தில பேர்ணடெற்றின்ர குரல் மாறினது. அதை மடிச்சு வைச்சிட்டு மற்றதுக்கு வாறன்.

முழங்கால் கதையை நம்புறன். வினோதனும் கேள்விப்பட்டிருக்கிறான். அதுதான் எனக்கு இன்னும் மோசமாய்ப் படுகுது. நீர் கட்டிலில, உம்மட வீடு பூட்டு, ஆனால் என்ர வாசலில சேறு ஒரு நாளும் காயேல்லை. காலையில ஈரம், பின்னேரம் ஈரம். வெயில் எரிச்ச நாளிலயும் ஈரம். அப்ப உமக்கு ஆள் இருக்கு.

எல்லாருக்கும் சொல்லுறனான் எண்டு எழுதியிருக்கிறீர். எல்லாரும் எண்டால் ஆர் ஆர்? எனக்குப் பேர் வேணும்.

கூரைக்காரர் வெள்ளிக்கிழமை வந்தவை. ஏணியை வைச்சு ஒருத்தன் ஏறினான். எட்டிப் பாத்தான். வெள்ளை முட்டை, நாலோ அஞ்சோ எண்டான். இறங்கி ஏணியை மடிச்சான். கையைக் காலைப் பிடிச்சு வினோதன் கதைச்சும் சரிவரேல்லை. குஞ்சு பறந்தாப் பிறகு கூப்பிடட்டாம், ஆனால் அதுக்குப் பிறகு அவைக்கு வேற வேலை இருக்காம், இனிப் பனிக்கு முதல் நேரம் வாறது சந்தேகமாம். ஏஜென்ற் அடுத்த வசந்தம் எண்டு சொல்லுறான். வினோதன் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறான் இல்லை, நான்தான் போய் முட்டை இட்ட மாதிரி.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. இப்ப விடியப் படியேறி வந்து பின்கதவடியில கதிரை போட்டுக் குந்துறன், சாப்பாட்டுக்கும் மத்தியான நித்திரைக்கும்தான் இறங்குறது. நான் இருக்கிற நேரம் ஒரு ஆளும் வராது. நான் இறங்கி ஏறிப் பாத்தால் சேறு நனைஞ்சிருக்கும். உம்மட ஆள் என்னை எங்கயோ இருந்து பாத்துக்கொண்டிருக்கு.

அதுக்கு இண்டைக்கு ஒரு வேலை செய்திருக்கிறன். பேர்ணடெற் பூசைக்குப் போன நேரம், சேத்துத் தட்டைச் சுத்தி நாலு பக்கமும் தங்கூசி இழுத்துக் கட்டினன். மீன்பிடிக்கிற தங்கூசி நூல், கண்ணாடி மாதிரி, வெயிலில கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் உயரம். நுனியில நத்தார் மரத்து மணி. கால் பட்டால் மணி கேக்கும், நான் பேஸ்மென்றில படுத்திருந்தாலும் கேக்கும். இப்பிடி ஒண்டு கட்டியிருக்கு எண்டது ஒருத்தருக்கும் தெரியாது. இதை எழுதேக்கதான் பேர்ணடெற்றுக்கே தெரியும்.

இதை உமக்கு ஏன் சொல்லுறன்? இந்தக் கடிதம் உமக்கு வந்து சேர முதல் உம்மட ஆள் பிடிபட்டிருக்கும். நீர் வாசிக்கேக்க, இனி எச்சரிச்சுப் பிரயோசனம் இல்லை எண்டு இருந்து கவலைப்படத்தான்.

மரியரட்ணம்


மிசிசாகா
19 மே 2025

அன்புள்ள அண்ணை,

தங்கூசிக் கதையை வாசிச்சுப்போட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடியில வைச்சுக்கொண்டிருந்தன். என்ன வாப்பா, ஆரும் மௌத்தாப் போயிட்டினமோ எண்டு ஷம்லா வந்து கேட்டாள். இல்லை எண்டன்.

நான் போன கடிதத்தில எழுதினது பொய். இப்ப உண்மையை எழுதுறன். பலகை வைச்சது நான்தான். ஒப்பறேசனுக்கு முதல் கிழமை, நீங்கள் டொக்டரிட்டப் போயிருந்த நேரம் வந்து நாலு ஆணி அடிச்சு இறுக்கினன். சேறு நனைக்கிறதுக்கு ஒருத்தரை ஒழுங்கு பண்ணியிருக்கிறன். ஆரெண்டு கேக்காதேங்கோ, சொல்லமாட்டன். என்ர பக்கத்துக்கு வராத குருவி உங்கட பக்கத்துக்காவது வரட்டும் எண்ட ஆசை. வீடு விக்கிறதை யோசிக்கேல்லை. குற்றம் என்ர. வினோதனுக்கும் அப்பிடியே சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை திட்டுறதெண்டால் என்னைத் திட்டட்டும்.

இனி ஆளைத் தேடாதேங்கோ அண்ணை. அந்தத் தங்கூசியை அவிட்டு விடுங்கோ. வயசான ஆக்கள் நடமாடுற வளவு. தடக்கி விழுந்தால் எலும்பு பொருந்தாது, நான் படுறன், எனக்குத் தெரியும்.

வேலிக்கட்டையும் நாலு விரல் உங்கட பக்கம் வந்திருக்கலாம். அளந்து பாப்பம்.

ரஸீன்


ஸ்காபரோ
15 யூன் 2025

தம்பி ரஸீன்,

பதில் போட நாள் செண்டிட்டுது. யோசிக்க இருந்தது.

நீர் குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதத்தைப் பேர்ணடெற் வாசிச்சு முடிச்ச உடன எனக்கு வந்த முதல் சந்தேகம், இந்த மனிசனுக்கு என்ன நடந்தது எண்டதுதான். வேலிக்கட்டைக்கு ரெண்டு வருசம் ஒரு விரல் கூட விட்டுத்தராத ஆள், நான் கேக்காமலே நாலு விரலையும் தாறார். முதல் கடிதத்தில பகிடி, ரெண்டாவதில பணிவு. இது உம்மட குரல் இல்லை. ஆரையோ மறைக்க நிக்கிற ஆளின்ர குரல்.

பிறகு தங்கூசியை யோசிச்சன். மணி ஒரு நாளும் கேக்கேல்லை. நான் கட்டின கட்டு கட்டினபடி நிண்டது. சேறு மாத்திரம் ஈரம். தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, தம்பி. அது அங்க இருக்கெண்டு தெரிஞ்ச கால்தான் தூக்கி அங்கால வைக்கும். உமக்குக் கடிதம் வந்து சேர முதலே, தபால்பெட்டிக்குள்ள போட முதலே, அந்தக் கால் தூக்கி வைச்சிட்டுது. அப்ப தெரிஞ்ச ஆள் ஆர்? நான் ஒண்டு. நான் சொல்லச் சொல்ல எழுதின கை ஒண்டு.

அதை நான் மனசுக்குள்ளயே வைச்சிருந்தன். என்ர சந்தேகத்தை நானே நம்பேல்லை. கதிரையில குந்தியிருந்து குருவியைப் பாத்தன். முட்டை பொரிச்சது. வாய் நாலு, எப்பவும் திறந்தபடி. தாயும் தேப்பனும் ஓடைக்கும் பலகைக்குமாய்ப் பறந்த பறப்பு எனக்கு மூச்சு வாங்கினது. போன புதன்கிழமை குஞ்செல்லாம் பறந்திட்டுது. கூடு வெறுமை எண்டு கண்டாப் பிறகு, பேர்ணடெற் கோயிலுக்குப் போன நேரம் பாத்து, கதிரையில ஏறித் தூணைப் பிடிச்சுக்கொண்டு பலகையைப் பாத்தன். விழுந்திருந்தால் அதையும் உம்மட தலையிலதான் கட்டியிருப்பன்.

ஆணி இல்லை. நாலும் இல்லை, ஒண்டும் இல்லை. பச்சை நைலோன் நூலால பலகையைத் தூணோட வரிஞ்சு கட்டியிருக்கு. கிழிஞ்ச வலை பொத்துற முடிச்சு. அதிலயும் இடப்பக்கமாய்ச் சுருண்ட முடிச்சு. எங்கட ஊர் பாசையூரில வலை பொத்தின பெண்டுகளுக்குள்ள இடக்கைக்காரி ஒருத்திதான். அவ பொத்தின வலை கடலுக்குள்ள இருட்டில கையில பட்டாலும் எனக்குத் தெரியும். அந்த முடிச்சைப் பாத்துத்தான் அவவின்ர தேப்பனிட்டப் பொம்பிளை கேட்டுப் போனனான்.

பேனை நிண்டிட்டுது. என்னை நிமிந்து பாக்கிறா. எழுது எண்டு சொல்லுறன். நான் சொன்ன சொல் ஒண்டையும் விடாமல் எழுது.

எழுதுறா.

தம்பி, பாசையூரை விட்டுக் கொழும்பு லொட்ஜுக்கு வந்தம். அங்க இருந்து மொன்றியல். பிறகு பார்க்டேலில கரப்பான் ஓடின அப்பார்ட்மென்ற். பிறகு இந்த வீடு. ஒவ்வொரு முறையும் நான் வந்து சாமானைக் கட்டு எண்டுவன். அவ கட்டுவா. எங்க போறம் எண்டு கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். அவ கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். கேக்கிற மாதிரி நான் சொல்லியிருக்கமாட்டன்.

ஸ்ரௌவ்வில் வீட்டைச் சித்திரையில போய்ப் பாத்தம். நான் என்ர அறையில நிண்டு யன்னலைத் திறந்து திறந்து பூட்டினன். வினோதன் மாபிள் நிலத்தைக் காட்டினான். அவ குசினியில நிண்டு யன்னலால வெறும் றோட்டைப் பாத்தவ. வீட்டுக்கு வந்து அடுத்த நாள், ரெண்டாம் நாள் போலத்தான் பலகை ஏறியிருக்கு. வாயால சொல்ல ஏலாததை ஒரு குருவியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறா. பிழையாய்ச் சொன்னவ எண்டுதான் இப்பவும் சொல்லுவன். பழி உமக்கு விழ, அதைத் தன்ர கையால எழுதிக்கொண்டு இருந்ததும் பிழை. ஆனால் ஏன் சொல்ல ஏலாமல் போச்சு எண்டதை யோசிச்சால் நான் அங்காலயும் இங்காலயும் திரும்பேலாமல் நிக்கிறன்.

வினோதனிட்ட நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. முதல் கேக்கவேண்டிய ஆளைக் கேக்கவேணும். இப்ப கேக்கிறன், நீர் சாட்சி.

பேர்ணடெற், உனக்கு ஸ்ரௌவ்விலுக்கு வர விருப்பமோ?

கேட்டதையும் எழுதிக்கொண்டிருக்கிறா.

வேலிக்கட்டை நிண்ட இடத்தில நிக்கட்டும் தம்பி. முழங்கால் தேறி வாரும். இந்தத் தாளில மிச்ச இடத்தை அவவுக்கு விடுறன், விரும்பினதை எழுதட்டும். நான் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேக்கமாட்டன்.

மரியரட்ணம்

தம்பி ரஸீன்,

நான் பேர்ணடெற். இவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெளிய பாக்கிறார், நான் எழுதுறதைப் பாக்கிறேல்லை எண்டு காட்ட. பாத்தாலும் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் திருப்பிப் போட்டிருக்கிறார்.

உம்மைத் திட்டின ஒவ்வொரு எழுத்தும் என்ர கை எழுதினது. கூசிக் கூசித்தான் எழுதினனான், ஒரு சொல்லும் மாத்தேல்லை. ஆணி எண்டு எழுதி என்னைக் காப்பாத்தப் பாத்தீர். எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது எண்டு உமக்குத் தெரியாதுதானே.

ஸ்ரௌவ்வில் வீட்டில எல்லாம் இருக்கு. வாசலில இறங்கினால் பஸ் இல்லை. ஒரு பிடி கருவேப்பிலைக்கும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் பிள்ளை வேலையால வரும்வரைக்கும் யன்னலில நிக்கவேணும். இஞ்ச என்ர காலுக்குத் தெரிஞ்ச பாதை நாலு இருக்கு. நான் ஒரு வசந்தத்தைத்தான் கேட்டனான். குருவி வரும் எண்டு நானும் நம்பேல்லை.

அது இண்டைக்குக் காலமை திரும்பத் தட்டடிக்கு வந்து நிண்டது. பழைய கூட்டுக்கு மேலயே இன்னொருக்கா பூசும் எண்டு நீர் போன வருசம் சொன்னது சரி. சேறு காஞ்சு கிடந்தது. இவர் எழும்பிப் போய், தான் கட்டின தங்கூசியில தானே தடக்கி, மணியும் அடிச்சு, தண்ணி ஊத்திப்போட்டு வந்து குந்தினவர். தூசணம் ஒண்டு சொன்னவர், அதை நான் எழுதேல்லை.

இவர் கேட்டதுக்குப் பதிலை இந்தக் கடிதத்தில எழுதமாட்டன். எழுதிப்போட்டு அதை இவருக்கு நானே வாசிச்சுக் காட்டுறதில என்ன இருக்கு. பேனையை வைச்சிட்டு, கதிரைக்கு முன்னால போய் நிண்டு வாயால சொல்லப்போறன்.

பேர்ணடெற்